குவாந்தான் கடலடியில் உறங்கும் கப்பல்கள்



நம்மில் பலர் குவாந்தானுக்குப் போயிருப்போம். பங்குனி உத்திரத்திற்கு மாரான் மரத்தாண்டவர் ஆலயத்தில் காவடி செலுத்திய கையோடு, பிள்ளைகள் நச்சரிக்கிறார்களே என்று தெலுக் செம்பெடாக் கடற்கரைவரை போய்க் கால் நனைத்துவிட்டு, பெசெராவில் கெரோப்போக் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்போம். அந்தக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் நீலத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் அந்தத் திசையில் 60 கடல் மைல் போல் போனால், உங்கள் காலுக்குக் கீழே இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் கிடக்கின்றன. ஒன்றின் பெயர் 'ரிப்பல்ஸ்'. மற்றொன்றின் பெயர் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்'. அவற்றோடு மாண்டவர்கள் 840 பேர்.

அந்த இடத்துக்கு நான் போய்வந்த கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. தோட்டத்து ஆற்றில் இடுப்பளவு தண்ணீருக்குமேல் இறங்கியதில்லை. தமிழ்ப்பள்ளியில் கரும்பலகையோடு முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கும் கடலடிக் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு என் அக்காள் மகனால் வந்தது.

அவன் தெமர்லோ பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டியவர். அம்மா, அதாவது என் அக்காள், வெளிக்காட்டு வேலை செய்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது குடும்பம் பட்டணத்துக்குப் பெயர்ந்தது. பையன் தொழிற்பள்ளியில் படித்து, கெமாமானில் எண்ணெய்க் கிணறுகளுக்குக் கடலுக்கடியில் இறங்கி வேலை செய்யும் முக்குளிப்பாளன் ஆகிவிட்டான். அது வயிற்றுப்பாட்டுக்கான வேலை. விடுமுறை கிடைத்தால் மனிதன் தூங்குவானா என்றால், இல்லை. நண்பர்களோடு சேர்ந்து மீண்டும் கடலுக்குள்தான் இறங்குவான்.

2011ஆம் ஆண்டு மே மாதம், 'ரிப்பல்ஸ்' கப்பலைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். அக்காளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“தம்பி, இவன் நான் சொன்னா கேக்க மாட்டான். நீயாவது கூடப் போயிட்டு வா. நீ படகுல இருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.”

நான் படகில் இருந்து என்ன செய்துவிட முடியும்? ஆனாலும் அக்காள் சொல்லைத் தட்ட முடியவில்லை. மருமகனோடு கிளம்பினேன். போகும் வழியில் மாரானில் இறங்கி மரத்தாண்டவருக்கு ஒரு தேங்காய் உடைத்தோம். “பத்திரமாகக் கீழே போய், பத்திரமாக மேலே வரவேண்டும்” என்பதுதான் என் வேண்டுதல்.

அந்தக் கப்பல்கள் அங்கே எப்படிப் போயின?

படகேறுவதற்குமுன் பழைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 'ஜப்பான்காரன் காலம்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தின் வாசல் திறந்த கதை இது.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இந்த இரண்டு கப்பல்களும் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 'ரிப்பல்ஸ்' 1916ஆம் ஆண்டில் கடலுக்கு வந்த பழைய கப்பல். நீளம் 242 மீட்டர். 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' அந்த ஆண்டுதான் பணியில் சேர்ந்த புத்தம்புதிய கப்பல். அதே ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' கப்பலோடு மோதியது. ஆகஸ்டு மாதம் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலை ஏற்றிக்கொண்டு அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்டைச் சந்திக்கப் போனது. இத்தகைய கப்பல்கள் வந்துவிட்டதால் மலாயாவை எவனும் தொடமுடியாது என்று வெள்ளைக்காரர்கள் நம்பினார்கள். தோட்டத்துத் துரைமார்களும் அப்படித்தான் சொன்னார்களாம்.

டிசம்பர் 8ஆம் நாள் நள்ளிரவு கடந்ததும் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அன்று மாலை இரண்டு கப்பல்களும் நான்கு துணைக் கப்பல்களோடு சிங்கப்பூரைவிட்டு வடக்கே புறப்பட்டன. விமானம் தாங்கிக் கப்பல் எதுவும் அவற்றோடு வரவில்லை. தலைக்குமேல் காவல் காக்க ஒரு விமானமும் இல்லை. குவாந்தானில் எதிரி இறங்குகிறான் என்று ஒரு தவறான செய்தி வந்தது. அதைப் பார்க்கத் திரும்பிய கப்பல்களை டிசம்பர் 10ஆம் நாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்துவிட்டன.

இந்தோசீனாவிலிருந்து வந்த 80க்கும் மேற்பட்ட விமானங்கள் அலை அலையாகக் குண்டு போட்டன. நீர்மூழ்கிக் குண்டுகளையும் ஏவின. 'ரிப்பல்ஸ்' கப்பலின் தலைவர் டென்னன்ட், பாம்பைப்போல் கப்பலை வளைத்து வளைத்து ஓட்டிப் பல குண்டுகளுக்குத் தப்பினார். முடிவில் முடியவில்லை. பகல் 12.33க்கு 'ரிப்பல்ஸ்' மூழ்கியது. ஒரு மணி நேரம் ஆகுமுன் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கவிழ்ந்தது. சிங்கப்பூரிலிருந்து உதவிக்குப் பறந்துவந்த விமானங்கள், அது மூழ்குவதைப் பார்க்கத்தான் வந்து சேர்ந்தன.

'ரிப்பல்ஸ்' கப்பலில் 513 பேர். 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கப்பலில் 327 பேர். கடற்படைத் தலைவர் டாம் பிலிப்ஸும் திரும்பவில்லை. துணைக் கப்பல்கள் 2,000க்கும் அதிகமானோரை நீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றின. இறந்தவர்களில் மீசை முளைக்காத பையன்களும் இருந்தார்கள். அன்றைக்குப் பிரிட்டிஷ் கடற்படையில் 16, 17 வயதிலேயே பையன்களைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். நம் தோட்டங்களில் அந்த வயதில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனோமே, அதுபோல அவர்கள் கப்பலுக்குப் போயிருக்கிறார்கள்.

அடுத்த 67 நாளில், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூரும் விழுந்தது. அதன்பிறகு நம் மக்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரவுப் பயணம்

குவாந்தான் ஆற்றுமுகத்திலிருந்து இரவு பத்து மணிக்குப் படகு கிளம்பியது. முக்குளிப்பவர்கள் ஆறு பேர். படகோட்டும் தெக்கோங் ஒரு மலாய்ப் பெரியவர். நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் “சிக்கு, சிக்கு” என்று மரியாதையோடு அழைத்துத் தேநீர் கலந்து கொடுத்தார். அந்தக் கடலில் நவம்பர் முதல் பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும். அப்போது படகுகள் கரையேறிவிடும். மே மாதத்துக் கடல் அமைதியாக இருந்தது. ஆனாலும் எனக்கு இரண்டுமுறை வாந்தி வந்தது. அதை அக்காளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

விடியும்போது நாலாபுறமும் தண்ணீர். கரையில்லை, மலையில்லை, ஒரு மரக்கிளையும் இல்லை. இங்கேதான் கப்பல் கிடக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெக்கோங் சிரித்துக்கொண்டே ஒலிமூலம் ஆழம் பார்க்கும் கருவியைக் காட்டினார். தட்டையாகப் போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று ஒரு குன்றுபோல் எழுந்தது.

“கருவி வர்றதுக்கு முன்னாலேயே எங்க ஆளுங்களுக்கு இந்த இடம் தெரியும், சிக்கு. மீன் எங்கே கூடுதோ அங்கே கீழே ஏதோ இருக்குன்னு அர்த்தம்” என்றார்.

முக்குளிப்பது எப்படி?

வாசகர்களே, குளத்தில் மூழ்கிச் சேற்றை அள்ளி வருவதுபோன்ற காரியமல்ல இது. 'ரிப்பல்ஸ்' கிடக்கும் தரை 55 மீட்டருக்கும் சற்று அதிக ஆழத்தில் இருக்கிறது. மூன்று தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திவைத்ததுபோல் எண்ணிக்கொள்ளுங்கள். 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' இன்னும் ஆழம். ஏறக்குறைய 68 மீட்டர். பொழுதுபோக்குக்காக முக்குளிப்பவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. அதற்குக் கீழே போகத் தனிப் பயிற்சி வேண்டும்.

ஏன்? ஒவ்வொரு 10 மீட்டருக்கும் தண்ணீரின் அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. 55 மீட்டரில் கரையில் இருப்பதைப்போல் ஆறரை மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் மூளையை மயக்கும். கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவன் எப்படித் தன்னை மகாராஜாவாக நினைத்துக்கொள்கிறானோ, அப்படி முக்குளிப்பவனும் ஆகிவிடுவான். தரையில் தள்ளாடினால் வடிகாலில் விழலாம். அங்கே தள்ளாடினால் உயிர் போய்விடும். அதனால் ஆழத்துக்குப் போகிறவர்கள் காற்றில் ஹீலியம் கலந்து எடுத்துப் போகிறார்கள்.

இன்னொரு தொல்லை, ஏறி வரும்போது. சோடாப் போத்தலைக் குலுக்கிவிட்டுச் சட்டென்று திறந்தால் என்ன ஆகிறது? நுரை பொங்கி வழிகிறது. ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த வாயுவும், மனிதன் அவசரப்பட்டு மேலே வந்தால், அப்படியே குமிழிவிட்டு நரம்பையும் மூட்டையும் தாக்கும். கை கால் விளங்காமல் போகலாம், சாவும் வரலாம். மெல்ல மெல்ல மூடியைத் தளர்த்துவதுபோல், இடையிடையே நின்று நின்று ஏறவேண்டும். கீழே 20 நிமிடம் இருந்தால் மேலே வர ஒரு மணி நேரம் போல் ஆகும்.

முதுகில் இரண்டு வாயுக் கலன்கள், விலாப்பக்கம் இரண்டு. அத்தனை பாரத்தோடு மருமகன் படகோரத்தில் நின்றபோது, பால் வாளி இரண்டையும் காண்டாவில் தூக்கிக்கொண்டு அவன் அப்பா மேடேறி வரும் காட்சி என் கண்ணில் தோன்றியது.

“மாமா, ஒண்ணும் பயப்படாதீங்க. நான்தான் கடைசியா ஏறுவேன். எல்லாரும் வந்து நான் மட்டும் வரலேன்னா அம்மாவுக்குப் போன் போட்டுடாதீங்க” என்றான்.

நான் விளையாட்டாக ஒன்று சொன்னேன். “போறதுதான் போறே, ஞாபகத்துக்கு ஏதாவது சின்னப் பொருள் எடுத்துட்டு வா. ஒரு ஆணியா இருந்தாலும் சரி.”

அவன் பதில் சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டான்.

காத்திருந்த நேரம்

மணி 9.10. தண்ணீர்மேல் குமிழிகள் வந்தன. பிறகு அலையில் கலைந்துபோயின. தெக்கோங் தூண்டிலைப் போடவில்லை. “இது செத்தவங்க படுத்திருக்கிற இடம், சிக்கு. ஆளுங்க கீழே இருக்கிறப்ப நான் தூண்டில் போடமாட்டேன்” என்றார்.

ஒரு மணி நேரம் சென்றது. ஒரு தலை தெரிந்தது, பிறகு இன்னொன்று. ஐந்து பேர் ஏறிவிட்டார்கள். மருமகன் வரவில்லை. அவன்தான் கடைசி என்று சொல்லியிருந்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? நிமிடம் ஒவ்வொன்றும் ஒரு நாளாக நீண்டது. அக்காளுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதே நினைப்பாக இருந்தது. தெக்கோங் என் தோளைத் தொட்டு, கயிற்றருகே பொங்கிவந்த குமிழிகளைக் காட்டினார். பன்னிரண்டு நிமிடம் கழித்து அவன் தலை வெளியே வந்தது. மரத்தாண்டவரை நினைத்துக் கைகூப்பினேன்.

அவன் கண்டது

பசியாறிக்கொண்டே அவன் சொல்லச் சொல்ல நான் கேட்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க இறங்க முதலில் சிவப்பு நிறம் மறைந்துவிடுமாம். இரத்தம் வந்தால்கூடக் கறுப்பாகத்தான் தெரியுமாம். பிறகு எல்லாமே நீலமும் சாம்பலும். திடீரென்று கீழே ஒரு மலையின் நிழல். அதுதான் கப்பல். இடப்புறமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. விளக்கை அடித்ததும் சாம்பல் நிறம் போய், மஞ்சளும் ஊதாவும் செம்மண் நிறமுமாக இரும்பு முழுதும் பூத்திருந்ததாம். மெல்பவளங்கள், கடற்பஞ்சுகள், சாட்டைபோல் நீண்ட பவளக் கொடிகள், சிப்பிகள். 95 ஆண்டுகளுக்குமுன் மனிதன் அடித்த ஆணித் தலைகள் அவற்றுக்கிடையே வரிசையாகத் தெரிந்தன. அறுந்து சிக்கிய மீன்வலைகள் திரைச்சீலைபோல் தொங்கின.

மீன்களைக் கேட்கவே வேண்டாம். பாறை மீன்கள் கூட்டமாகச் சுழன்றன. நாம் சந்தையில் கேட்டு விலை கட்டாமல் திரும்புகிறோமே, அந்த 'ஈக்கான் மேரா' நூற்றுக்கணக்கில். வட்டச் சாளரம் ஒன்றிலிருந்து ஆளைவிடப் பெருத்த ஒரு களவா மீன் தலையை நீட்டி, “யார் நீ?” என்று கேட்பதுபோல் பார்த்ததாம்.

கப்பலின் பின்புறம் போனார்கள். அங்கே சுழலி இருந்தது. அதன் ஒவ்வோர் இலையும் ஆளுயரத்துக்குக் குறையாது. பக்கத்தில் ஒரு துணி நீரோட்டத்தில் மெல்ல அசைந்தது. விளக்கடித்துப் பார்த்தான். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை. பிரிட்டிஷ் கடற்படைக் கொடி. முக்குளிப்போர் அவ்வப்போது வந்து பழைய கொடியை எடுத்துப் புதியதைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். கடலுக்கடியில், காற்றே இல்லாத இடத்தில், ஒரு கொடி.

இரும்பு எப்படிப் பவளத் தோட்டமானது?

அங்கே கடற்படுகை சேறும் மணலுமான வெட்டவெளி. கடலில் மிதந்து திரியும் பவளப் பூச்சியின் குஞ்சும் சிப்பியின் குஞ்சும் சேற்றில் வேர்கொள்ள முடியாது. கெட்டியான ஒரு பிடி வேண்டும். கப்பல் விழுந்ததும் அந்தப் பிடி கிடைத்துவிட்டது. முதலில் வழவழப்பான பாசி படர்ந்தது. அதன்மேல் கொட்டலசும் சிப்பியும் ஒட்டின. பிறகு கடற்பஞ்சும் பவளமும் வந்தன. அவற்றுக்குள் ஒளிய சின்ன மீன் வந்தது; சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன் வந்தது. பெரிய மீனைத் தேடி நம் தெக்கோங் வந்தார்.

நம் கிழக்குக்கரை மீனவர்களுக்கு இது புதிய பாடமல்ல. அவர்கள் தென்னை ஓலைகளைக் கயிற்றில் கட்டி, மணல் மூட்டையைப் பாரமாக வைத்துக் கடலில் இறக்குவார்கள். அதற்கு 'உஞ்சாம்' என்று பெயர். ஓலை நிழலுக்கு மீன் கூடும். இன்றைக்கு விஞ்ஞானிகள் 'செயற்கைப் பவளப்பாறை' என்று சொல்வதன் தாத்தா அந்த உஞ்சாம்தான்.

இப்போது பல நாடுகளில் பழைய கப்பல்களை வேண்டுமென்றே மூழ்கடிக்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில், பென்சகோலா கடலில், 'ஒரிஸ்கனி' என்ற விமானம் தாங்கிக் கப்பலை 2006 மே 17ஆம் நாள் வெடிவைத்து மூழ்கடித்தார்கள். கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் ஓடிய கப்பல் அது. 37 நிமிடத்தில் அது நேராக அமர்ந்துவிட்டது. அதற்குமுன் எண்ணெயையும் நச்சுப் பொருள்களையும் அகற்ற நெடுங்காலம் பாடுபட்டார்கள். இன்று உலகெங்குமிருந்து முக்குளிப்போர் அதைப் பார்க்க வருகிறார்கள்.

எதைப் போட்டாலும் பவளம் வளர்ந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அதே புளோரிடாவில் 1970களில் 20 இலட்சம் வரையிலான பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் போட்டார்கள். கட்டிய கட்டு துருப்பிடித்து அறுந்தது. டயர்கள் உருண்டுபோய், இயற்கையாக இருந்த பவளத்தையும் இடித்து நொறுக்கின. பிறகு அவற்றை அள்ளியெடுக்கப் படைவீரர்களை இறக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் மீன்வளத் துறை 1975ஆம் ஆண்டு கெடா கடலில் டயர்களைக் கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்கியது. பின்னால் காங்கிரீட்டுக்கு மாறிவிட்டார்கள். மரத்தில் ஒரு கோடு இழுத்துப் பால் எடுத்த நமக்கு, அந்தப் பால் டயராகி உருண்டு, கடலடி வரைக்கும் போன கதை வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஒரு பீங்கான் கோப்பை

பசியாறி முடிந்ததும் நான் மெல்லக் கேட்டேன். “ஏம்பா, ஞாபகத்துக்கு ஒண்ணும் எடுத்துட்டு வரலியா?”

அவன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

“ஒரு கோப்பை இருந்துச்சு, மாமா. வெள்ளைப் பீங்கான். பாதி சேத்துல புதைஞ்சு கெடந்துச்சு. கைப்பிடி கூட உடையல. கைநீட்டுனா எடுத்திருக்கலாம். யாரோ ஒருத்தன் அன்னிக்குக் காலையில அதுல தேத்தண்ணி குடிச்சிருப்பான்ல? எடுக்க மனசு வரல.”

நான் பேசவில்லை. அவனே தொடர்ந்தான்.

“நம்ம கொள்ளுத்தாத்தா சயாம்ல எங்க படுத்திருக்காருன்னு தெரியாதுன்னு பாட்டி சொல்வாங்களே. ஒருவேளை அந்த இடத்துல யாராவது தோண்டி, அவரோட தகரக் குவளையை எடுத்துட்டுப் போனா நமக்கு எப்படி இருக்கும்?”

வாசகர்களே, அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

எங்கள் தாத்தாவை 1943ஆம் ஆண்டு தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இரயில்பாதைக்கு, நம் தோட்டங்களிலிருந்து போன ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். கூடப்போன ஒருவர் மட்டும் திரும்பிவந்து, “வாந்திபேதியில் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை” என்றாராம். செத்த நாள் தெரியாது. இடம் தெரியாது. எங்கள் பாட்டி அந்தச் சொல்லை ஏற்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் தாலியைக் கழற்றாமல், தோட்டத்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தாராம். திதி கொடுக்க நாள் இல்லாததால், எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைதான் தாத்தாவின் திதி.

காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு, பெயர் உண்டு, பூச்செடி உண்டு. நம்மவர்களுக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகை கிடைக்கவில்லை. 2023ஆம் ஆண்டுதான் அங்கே நம் தமிழர் நினைவாக ஒரு நடுகல் எழுந்தது. எண்பது ஆண்டு கழித்தாவது வந்ததே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால்தான் அந்த 840 பேரின் கதையைக் கேட்டபோது, “அவன் நாட்டுக்காரன், அவன் சண்டை” என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. எந்த ஊரிலோ ஒரு தாய் இப்படித்தானே வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்?

இரும்புத் திருடர்கள்

'ரிப்பல்ஸ்', 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' இரண்டையும் போர்வீரர் கல்லறைகளாகப் பிரிட்டன் 2001ஆம் ஆண்டு தன் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடங்கள் என்று அறிவித்தது. பார்க்கலாம், தொடக்கூடாது, உள்ளே நுழையக்கூடாது. 2002ஆம் ஆண்டு 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கப்பலின் மணியை மட்டும், உயிர் தப்பியவர்களின் சம்மதத்தோடும் அரசாங்கத்தின் அனுமதியோடும் வெளியே எடுத்து லிவர்பூலில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். யாராவது திருடிவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

அந்த அச்சம் பொய்க்கவில்லை. நாங்கள் போய்வந்த இரண்டொரு ஆண்டிலேயே, மருமகன் பார்த்த அந்தச் சுழலிகள் காணாமல் போய்விட்டன. 2014ஆம் ஆண்டு வெடிவைத்துக் கப்பலைப் பிளக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் சந்தையில் விலை உண்டு. 2023 மே மாதம், ஜொகூர் கிழக்குக் கடலில் அனுமதியின்றி நங்கூரமிட்டிருந்த ஓர் அந்நியக் கப்பலை நம் கடல்சார் அமலாக்கத் துறை பிடித்தது. அதில் துருப்பிடித்த இரும்பும் பழைய பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. அவை இந்த இரு கப்பல்களிலிருந்து வந்தவையாக இருக்கவேண்டும் என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

செய்தித்தாளைப் படித்துவிட்டு மருமகன் எனக்குப் போன் செய்தான். “மாமா, அந்தக் கோப்பை இன்னும் இருக்குமா?” என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை.

நினைத்துப் பாருங்கள். எண்பது ஆண்டுகளாக அந்த இரும்பு மூன்று வேலை செய்தது. இறந்தவர்களுக்குக் கல்லறையாக இருந்தது. மீனுக்கு வீடாக இருந்தது. மீனவனுக்குச் சோறு போட்டது. அதை உடைத்து எடைக்குப் போட்டால், ஒரே ஒருமுறை, ஒரே ஒருவனுக்குக் காசு கிடைக்கும். பிறகு அங்கே மீண்டும் வெறும் சேறுதான்.

அன்று மாலை திரும்பும்முன் தெக்கோங் இயந்திரத்தை நிறுத்தினார். மரத்தாண்டவர் சந்நிதியில் கிடைத்த மாலையில் மிச்சமிருந்த பூவை நான் தண்ணீரில் விட்டேன். தெக்கோங் தம் வழக்கப்படி கையேந்தி ஏதோ ஓதினார். மருமகன் குனிந்து கடல்நீரை ஒரு கை அள்ளி, மீண்டும் கடலிலேயே விட்டான். யாருக்காக விட்டான் என்று நான் கேட்கவில்லை.

வாசகர்களே, எல்லாரும் கடலுக்கடியில் போக முடியாது. போகவும் வேண்டாம். ஆனால் அடுத்தமுறை தெலுக் செம்பெடாக் போகும்போது, கெரோப்போக் வாங்குவதற்குமுன் ஒரு நிமிடம் கிழக்கே திரும்பி நில்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கூடவே, உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் யாராவது இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் தோட்டத்தையும் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். அவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயரையாவது நாம் காப்பாற்றி வைப்போம்.

ஆமாம், அக்காளுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தது என்ன தெரியுமா? அவர் மகனையும், இரண்டு பொட்டலம் கெரோப்போக்கையும்தான்.